குளிர்காலம் முழுவதும் நின்ற மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கனடாவின் ஒன்டாரியோவில் நவம்பரில் கராஜுக்குள் போகும் மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் ஏப்ரலில்தான் வெளியே வருகின்றன. ஐந்து மாதம் ஓடாமல் நின்ற வண்டிக்குத் தேய்மானம் ஏதும் இருக்காது என்று நினைப்பது இயல்பு. உண்மையில் அந்த ஐந்து மாதத்தில் பேட்டரி தானாகவே மின்னேற்றத்தை இழந்துகொண்டிருக்கிறது. பெட்ரோலின் எளிதில் ஆவியாகும் பகுதி பறந்துபோய் மிச்சம் பிசுபிசுப்பாகிறது. மின் இணைப்புகளில் களிம்பு ஏறுகிறது. கதகதப்பைத் தேடி வந்த எலி ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் கூடு கட்டிவிடுகிறது. ஆகவே வண்டி கிளம்ப மறுத்தால் காரணத்தை முதலில் இந்தத் தேக்கத்தில்தான் தேட வேண்டும். நவம்பரில் நன்றாக ஓடிய எஞ்சினுக்குள், நின்ற இடத்திலேயே பெரிதாக ஏதோ உடைந்துவிட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை.

இந்தத் தேடலில் மிகவும் பயன்படும் தடயம், ஸ்டார்ட் பட்டனை முதல் முறை அழுத்தியபோது என்ன நடந்தது என்பதே. விளக்கு மங்கியதா, சத்தம் கேட்டதா, எஞ்சின் சுற்றியதா, பெட்ரோல் வாடை வந்ததா என்பவற்றை அப்போதே கவனித்துக்கொள்ள வேண்டும். பிடிக்கும் பிடிக்கும் என்று பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால் அந்தத் தடயம் கலைந்துவிடுகிறது: பெட்ரோல் வராததால் மட்டும் கிளம்பாத வண்டியில் இப்போது பேட்டரியும் இறங்கிப்போகும், செல்ஃப் மோட்டாரும் சூடேறும், எது முதல் கோளாறு என்றே தெரியாமல் போகும். எனவே ஒவ்வொரு முயற்சியையும் ஐந்து விநாடிக்குள் நிறுத்துங்கள். அடுத்த முயற்சிக்கு முன் குறைந்தது பத்து விநாடி இடைவெளி விடுங்கள். மூன்று முயற்சிக்குள் பிடிக்காவிட்டால் கையை எடுத்துவிட்டுக் கீழே உங்கள் அறிகுறி எது என்று பாருங்கள்.

பட்டனில் கை வைப்பதற்கு முன்

வண்டியை முடிந்தவரை வெளியே தள்ளி வந்து வேலையைத் தொடங்குங்கள். கராஜுக்குள் எஞ்சின் ஓடினால் நிறமும் வாடையும் இல்லாத கார்பன் மோனாக்சைடு சில நிமிடங்களிலேயே ஆபத்தான அளவுக்குச் சேர்ந்துவிடும். வீட்டோடு ஒட்டிய கராஜாக இருந்தால் அது வீட்டுக்குள்ளும் நுழையும். கதவைத் திறந்து வைத்தால் போதும் என்று இருந்துவிட வேண்டாம்.

அடுத்து, எஞ்சின் ஆயிலின் அளவைப் பாருங்கள். நவம்பரில் சரியாக இருந்த அளவு இப்போது கூடியிருந்தாலோ, ஆயில் மூடியைத் திறந்தால் பெட்ரோல் வாடை அடித்தாலோ பட்டனை அழுத்தவே கூடாது. நேராக நான்காவது அறிகுறிக்குச் செல்லுங்கள்.

ஏர் ஃபில்டர் மூடியையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். பஞ்சு, காகிதத் துணுக்கு, கொட்டை ஓடு போன்றவை இருந்தால் எலி குடியிருந்திருக்கிறது. காற்று வழி அடைபட்ட எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. ஆனாலும் கூடு பெரிய தொல்லையன்று, அதோடு சேர்த்து எலி கடித்துவைத்த வயர்களே பெரிய தொல்லை. சீட்டுக்கு அடியிலும் டேங்குக்கு அடியிலும் ஓடும் வயர் கட்டுகளைக் கண்ணால் தொடர்ந்து பாருங்கள். சைலன்சரின் வாயையும் பாருங்கள். கனடாவின் மான் எலிகள் ஹாண்டா வைரஸைச் சுமக்கக்கூடியவை என்பதால், எச்சத்தை உலர்ந்த நிலையில் பெருக்கவோ காற்றடித்து ஊதவோ கூடாது. கையுறை அணிந்து, கிருமிநாசினி தெளித்து நன்றாக நனைத்த பிறகு துடைத்தெடுக்க வேண்டும்.

முதல் அறிகுறி: சாவியைத் திருப்பினால் எந்த விளக்கும் எரியவில்லை

பேட்டரி முற்றிலும் இறங்கியிருக்கலாம், அல்லது மின்சாரம் பேட்டரியை விட்டு வெளியே வரவில்லை. குளிர்காலத்தில் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்திருந்தவர்கள் அதைத் திரும்ப மாட்டும்போது திருகுகளைச் சரியாக இறுக்காமல் விட்டிருப்பது மிகவும் வழக்கமான காரணம். முனையைக் கையால் அசைத்துப் பாருங்கள். சற்று ஆடினாலும் இறுக்கம் போதாது என்று பொருள். வெள்ளையாகவோ பச்சையாகவோ படிந்திருந்தால் வயர் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். அதன் பிறகும் உயிர் வராவிட்டால் மெயின் ஃபியூஸைப் பாருங்கள். பல வண்டிகளில் அது 30 ஆம்பியர் அளவில், ஸ்டார்ட்டர் ரிலேயின் (செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்) மேலேயே பொருத்தப்பட்டிருக்கும். கம்பி அறுபடாமல் இருப்பதுபோல் தெரிந்தாலும் மல்டிமீட்டரால் (மின் அளவுகளைக் காட்டும் கருவி) சோதிப்பதே உறுதி.

இரண்டாவது அறிகுறி: விளக்கு பிரகாசமாக எரிகிறது, பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லை

இது பெரும்பாலும் கோளாறன்று, பாதுகாப்புச் சுவிட்ச் ஏதோ ஒன்று தடுக்கிறது. வண்டியைத் துடைக்கும்போது கை பட்டு, எஞ்சினை உடனே நிறுத்துவதற்கான கில் சுவிட்ச் அணைந்திருக்கலாம். சைடு ஸ்டாண்டைத் தூக்கி, நியூட்ரலில் போட்டு, கிளட்சை முழுவதும் பிடித்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். நியூட்ரல் விளக்கு எரியாவிட்டால் வண்டியை முன்னும் பின்னும் அசைத்து மீண்டும் நியூட்ரலைத் தேடுங்கள். அப்போதும் சத்தம் வராவிட்டால் சைடு ஸ்டாண்டு சுவிட்சும் கிளட்ச் லீவர் சுவிட்சும் சந்தேகத்துக்குரியவை. இவை ஈரத்தாலும் சாலை உப்பாலும் இறுகிப்போகும். மின் இணைப்புகளுக்கான ஸ்பிரேயை அடித்துச் சுவிட்சைப் பல முறை அமுக்கி விட்டாலே பல வண்டிகள் சரியாகிவிடுகின்றன.

சாவியிலேயே சிப் உள்ள வண்டிகளில் டாஷ்போர்டில் சாவிப் படம் விடாமல் மினுக்கினால், வண்டி சாவியை அடையாளம் காணவில்லை என்று பொருள். பையில் வைத்தே கிளப்பும் ரிமோட் சாவியாக இருந்தால் அதற்குள் இருக்கும் சிறிய வட்டப் பேட்டரியை முதலில் மாற்றுங்கள்.

மூன்றாவது அறிகுறி: 'டிக் டிக் டிக்' என்று கேட்கிறது, விளக்கு மங்குகிறது

வசந்த காலத்தில் மிக அதிகமாகக் காணப்படும் அறிகுறி இதுவே. ரிலே இழுக்கிறது, ஆனால் செல்ஃப் மோட்டாரைச் சுற்றும் வலு பேட்டரியில் இல்லை. மின்னழுத்தம் சரிந்தவுடன் ரிலே விட்டுவிடுகிறது. சற்று மீண்டதும் மறுபடி இழுக்கிறது. அந்த மாறி மாறி இழுப்பதும் விடுவதும்தான் நாம் கேட்கும் சத்தம்.

மல்டிமீட்டரை இங்கே இரண்டு முறை பயன்படுத்த வேண்டும். முதலில் சாவி அணைந்த நிலையில் பேட்டரியின் இரு முனைகளில் வைத்துப் பாருங்கள். நன்றாக மின்னேறிய லெட் ஆசிட் பேட்டரி 12.6 முதல் 12.8 வோல்ட் காட்டும், 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால் பங்கு; 12.0 என்றால் கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டது. பிறகு பட்டனை அழுத்தியபடியே பாருங்கள். இந்த இரண்டாவது அளவைத்தான் பலர் எடுப்பதில்லை. ஆனால் தீர்ப்புச் சொல்வது இதுவே. நின்ற நிலையில் 12.6 காட்டிய பேட்டரி, பட்டனை அழுத்தியதும் 9.5 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால், அதன் உள்தட்டுகள் வலுவிழந்துவிட்டன. எத்தனை முறை சார்ஜ் செய்தாலும் அது பழைய நிலைக்கு வராது. மாற்றுவதைத் தவிர வழியில்லை.

சார்ஜ் செய்வதற்கு முன் பேட்டரியின் உருவத்தைப் பாருங்கள். முழுமையாக மின்னேறிய பேட்டரியின் அமிலம் மைனஸ் 50 டிகிரி செல்சியஸுக்கும் கீழேதான் உறையும். இறங்கிய பேட்டரியிலோ அது பெரும்பாலும் நீராகவே மாறிவிடுவதால் மைனஸ் 10 டிகிரி அளவிலேயே உறைந்துவிடலாம். ஒன்டாரியோவின் ஜனவரிக்கு அது சாதாரணக் குளிர். பக்கங்கள் உப்பியோ விரிசல் விட்டோ இருந்தால் அந்தப் பேட்டரியைச் சார்ஜரில் மாட்டவே கூடாது. உறைந்திருக்கும் பேட்டரியைச் சார்ஜ் செய்தால் வெடிக்கும் அபாயம் உண்டு.

பேட்டரி நல்ல உருவத்தில் இருந்தால் அதன் ஆம்பியர் மணி அளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் சார்ஜ் செய்யுங்கள்: 10 ஆம்பியர் மணி பேட்டரிக்கு 1 ஆம்பியர். காருக்கான 10 ஆம்பியர் சார்ஜர் இந்தச் சிறிய பேட்டரியைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். லித்தியம் பேட்டரி உள்ளவர்கள் அதற்கென்றே உள்ள சார்ஜரை மட்டும் பயன்படுத்த வேண்டும். அதன் நின்ற நிலை மின்னழுத்தமே 13.2 வோல்ட்டுக்கு மேல் இருக்கும் என்பதால் மேலே சொன்ன அளவுகள் அதற்குப் பொருந்தா. குளிரில் பட்டனை முதல் முறை அழுத்தும்போது லித்தியம் பேட்டரி சோர்ந்து தெரிவது இயல்பு. ஹெட்லைட்டை ஓரிரு நிமிடம் எரியவிட்டால் உள்ளே சற்றுச் சூடேறி வலு கூடும்.

காரிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்புவதானால் காரின் எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். பாசிட்டிவைப் பாசிட்டிவோடு இணைத்து, காரின் நெகட்டிவிலிருந்து வரும் கேபிளை மோட்டார் சைக்கிளின் பேட்டரிக்குத் தொலைவில் எஞ்சினின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியில் மாட்டுங்கள். தள்ளிக் கிளப்புவது, பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் உள்ள வண்டிகளுக்குக் கைகொடுக்கும். மின்சார பம்பும் கணினியும் கொண்டு பெட்ரோலைச் செலுத்தும் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டியில் பேட்டரி முற்றிலும் இறங்கியிருந்தால் பெட்ரோல் பம்பும் கணினியும் விழிக்காது, எவ்வளவு தள்ளினாலும் பயனில்லை.

நான்காவது அறிகுறி: 'டக்' என்று ஒரே ஒரு அடி, எஞ்சின் அசையவில்லை

பேட்டரி நன்றாக இருந்தும் ஒரே ஒரு கனத்த சத்தம் கேட்டு எஞ்சின் அப்படியே நின்றால், அதற்கு மேல் ஒரு முறைகூட அழுத்த வேண்டாம். செல்ஃப் மோட்டாரோ அதற்குப் போகும் தடித்த கேபிளோ பழுதாகியிருக்கலாம். ஆனால் அதற்கு முன் விலக்க வேண்டிய ஆபத்தான காரணம் ஒன்று உண்டு. கார்புரேட்டரின் கிண்ணத்துக்குப் பெட்ரோல் வருவதை நிறுத்தும் ஃப்ளோட் ஊசி சரியாக மூடாமல், பெட்ரோல் டேப்பும் கசிந்தால், குளிர்காலம் முழுவதும் டேங்கிலிருந்து பெட்ரோல் சொட்டுச் சொட்டாகச் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கும். திரவம் அமுங்காது, பிஸ்டன் அதன் மேல் மோதும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம்.

சிலிண்டருக்குள் பொறி தரும் ஸ்பார்க் பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். வண்டியை மேல் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் வெளியேறினால் சந்தேகம் உறுதியாகிவிட்டது. துளைகளைத் துணியால் மூடிக்கொண்டு, அருகில் தீப்பொறி எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃப்ளோட் ஊசியையும் டேப்பையும் சரிசெய்து, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பின்பே எஞ்சினை இயக்க வேண்டும். பெட்ரோல் கலந்த ஆயில் தன் வழுவழுப்பை இழந்துவிடுவதால், ஒரு நிமிட ஓட்டம்கூட பேரிங்குகளுக்குக் கேடு.

பெட்ரோல் வராமலும், பிளக் இல்லாதபோதும் எஞ்சின் இறுகி நின்றால், சிலிண்டர் சுவரில் துரு ஏறியிருக்கலாம். பிளக் துளை வழியே ஒரு மேசைக்கரண்டி எஞ்சின் ஆயிலை விட்டு, ஓரிரவு ஊறவிட்டுச் சக்கரத்தை மெல்ல முன்பின் அசைத்துப் பாருங்கள். வலுக்கட்டாயம் வேண்டாம்.

ஐந்தாவது அறிகுறி: செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

பேட்டரியைப் பற்றிய கவலை முடிந்தது. இனி பிளக்கில் பொறியா, பெட்ரோலா என்ற இரண்டில் ஒன்றைக் கண்டறிய வேண்டும். சில முறை சுற்றிய பின் ஒரு பிளக்கைக் கழற்றினாலே பாதிப் பதில் கிடைத்துவிடும். உலர்ந்திருந்தால் பெட்ரோல் சிலிண்டரை எட்டவில்லை. நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் இல்லை, அல்லது தேவைக்கு மேல் நனைந்துவிட்டது. எண்ணெய்ப் பசையாக இருந்தால், நவம்பரில் துருவைத் தடுக்கச் சிலிண்டருக்குள் அடித்த ஆயில் ஸ்பிரே பிளக்கில் படிந்திருக்கிறது. புதிய பிளக் போடுவதே எளிய தீர்வு, முதல் சில நிமிடம் வெண்புகை வந்தால் அஞ்ச வேண்டாம்.

பொறியைச் சோதிக்கப் பிளக் டெஸ்டர் என்ற சிறு கருவியைப் பயன்படுத்துங்கள். பிளக்கை எஞ்சினில் ஒட்டவைத்துப் பார்க்கும் பழைய முறையில், பிளக்கின் உடல் உலோகத்தோடு உறுதியாகத் தொடாவிட்டால் இக்னிஷன் காயிலோ கணினியோ பழுதாகலாம். திறந்த துளையிலிருந்து வரும் பெட்ரோல் ஆவியும் பற்றிக்கொள்ளலாம். பொறி இல்லையென்றால் கில் சுவிட்ச், பிளக் தொப்பி, எலி கடித்த வயர் என்ற வரிசையில் பாருங்கள். நனைந்த பிளக்கில் பொறி நன்றாக இருந்தால் பிளக்கைத் துடைத்து மாட்டி, சோக்கை (குளிரில் கிளப்பக் கூடுதல் பெட்ரோல் தரும் ஏற்பாடு) அணைத்து, ஆக்சிலேட்டரை முழுவதும் திறந்து சில விநாடி சுற்றுங்கள். தேங்கிய பெட்ரோல் வெளியேறிவிடும்.

பிளக் உலர்ந்திருந்தால் பெட்ரோலின் பக்கம் வர வேண்டும். ஹோண்டா ரெபல் 250, 2018 வரை வந்த கவாசாகி கே.எல்.ஆர். 650 போன்ற கார்புரேட்டர் வண்டிகளில் முதலில் பெட்ரோல் டேப்பைப் பாருங்கள். பல வண்டிகளில் எஞ்சின் சுற்றும்போது உண்டாகும் வெற்றிடத்தால் திறக்கும் டேப் இருக்கிறது. குளிர்காலத்தில் கார்புரேட்டர் கிண்ணம் உலர்ந்துபோயிருந்தால், செல்ஃப் சுற்றும் அந்தக் குறைந்த வெற்றிடத்தில் கிண்ணம் நிரம்ப நெடுநேரம் ஆகும். டேப்பில் பி.ஆர்.ஐ. (PRI) என்று பொறித்த, வெற்றிடம் இல்லாமலேயே பெட்ரோலைத் திறந்துவிடும் நிலை இதற்காகவே உள்ளது: அதில் ஒரு நிமிடம் வைத்துவிட்டுக் கிளப்பினால், பழுது என்று நினைத்த வண்டி முதல் முயற்சியிலேயே பிடிப்பதும் உண்டு. கிளப்பிய பின் டேப்பை மறக்காமல் வழக்கமான நிலைக்குத் திருப்புங்கள்.

சோக்கைப் பயன்படுத்தும் முறையும் முக்கியம். பெரும்பாலான கார்புரேட்டர்களில் சோக் என்பது தனி வழியாகக் கூடுதல் பெட்ரோல் தரும் ஏற்பாடு; அது ஆக்சிலேட்டர் மூடியிருந்தால்தான் வேலை செய்யும். சோக்கை இழுத்துவிட்டு ஆக்சிலேட்டரையும் முறுக்கிக்கொண்டே கிளப்ப முயல்பவர்கள் சோக்கின் பயனைத் தாங்களே இல்லாமல் செய்துவிடுகிறார்கள்.

ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டியில் சாவியைத் திருப்பியதும் டேங்குக்குள்ளிருந்து இரண்டு மூன்று விநாடி 'ஙொய்' என்ற பம்பின் ஓசை கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பம்பின் ஃபியூஸ், ரிலே, கில் சுவிட்ச் ஆகியவற்றைப் பாருங்கள்; அவை சரியாக இருந்தால் பம்பே பிசினில் இறுகியிருக்கலாம். ஓசை கேட்டால் சாவியை மூன்று நான்கு முறை திருப்பி அணைத்து, குழாயில் அழுத்தம் சேர்ந்த பின் கிளப்புங்கள்.

இதற்குப் பிறகும் பிடிக்காவிட்டால் பெட்ரோலையே சந்தேகிக்க வேண்டும். ஒன்டாரியோவின் விதிப்படி பெட்ரோலில் 2025 முதல் சராசரியாக 11 சதவீதம் எத்தனால் கலக்கப்பட வேண்டும். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். 10 சதவீத எத்தனால் கொண்ட பெட்ரோல் ஏறக்குறைய அரை சதவீதம் வரை நீரைத் தன்னுள் தாங்கும். குளிர் கூடக் கூட அந்தத் தாங்கும் அளவு குறையும். எல்லை மீறினால் நீரும் எத்தனாலும் ஒன்றாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடுகின்றன. எஞ்சினுக்குப் பெட்ரோல் போவதும் அந்த அடியிலிருந்துதான். கண்ணாடிப் புட்டியில் சிறிது பிடித்து அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். இரண்டு அடுக்காகத் தெரிந்தாலோ, நிறம் கருத்துப் புளித்த வாடை அடித்தாலோ அந்தப் பெட்ரோலை முழுவதும் வெளியேற்ற வேண்டும். புதிய பெட்ரோலைக் கலந்து சரிக்கட்ட முடியாது. வெளியேற்றியதைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல், நகராட்சியின் அபாயக் கழிவு மையத்தில் ஒப்படையுங்கள்.

ஈதர் ஸ்பிரேயைக் காற்று வழியில் அடித்துக் கிளப்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது உடனே தீப்பற்றக்கூடியது. உலர்ந்த சிலிண்டர் சுவரில் இருக்கும் கொஞ்ச ஆயிலையும் கழுவிவிடும். அது சொல்லும் ஒரே செய்தி பெட்ரோல் வரவில்லை என்பது. அதை உலர்ந்த பிளக்கே சொல்லிவிட்டது.

ஆறாவது அறிகுறி: சோக்கை இழுத்திருந்தால் மட்டும் ஓடுகிறது, அதை அணைத்தால் நின்றுவிடுகிறது

குறைந்த சுற்றில் எஞ்சினுக்குப் பெட்ரோல் தரும், கார்புரேட்டரின் ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறது. அதன் துளை பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவானது. கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகி விட்டுச்செல்லும் பிசின் அந்தத் துளையை மூடுவதற்கு ஒரு குளிர்காலமே போதும். கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, புதிய பெட்ரோலோடு கிளீனர் சேர்த்துச் சிறிது நேரம் ஓட்டிப் பார்க்கலாம். அடைப்பு இளம் நிலையில் இருந்தால் கரையும். முழுவதும் அடைத்த துளைக்குள் கிளீனர் நுழையவே வழியில்லை என்பதால், அடுத்தடுத்து புட்டிகளை வாங்கி ஊற்றிக்கொண்டிருப்பது வீண். கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டை வெளியே எடுத்து, கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்து, வெளிச்சத்தில் பிடித்து வட்டமான ஒளி தெரிகிறதா என்று பார்ப்பதுதான் நிலையான தீர்வு. ஊசியோ இரும்புக் கம்பியோ கொண்டு குத்தினால் மென்மையான பித்தளைத் துளை பெரிதாகி, அதன் அளவே மாறிவிடும். நான்கு சிலிண்டர் வண்டியில் ஒரு ஜெட் அடைத்திருந்தாலும் நான்கையும் சுத்தம் செய்துவிடுங்கள். அடுத்த மாதம் மறுபடி கழற்றும் வேலை மிச்சமாகும்.

ஏழாவது அறிகுறி: ஸ்டார்ட் ஆகிறது, பிறகு நின்றுவிடுகிறது

எப்போது நிற்கிறது என்பதைப் பாருங்கள். முதல் கியர் போட்ட கணமே நின்றால் சைடு ஸ்டாண்டு சுவிட்ச், ஸ்டாண்டு கீழே இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறது. கிளட்சைப் பிடித்திருந்தும் வண்டி முன்னே துள்ளி நின்றால் கிளட்ச் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எஞ்சினை அணைத்து, கியரில் போட்டு, கிளட்சை முழுவதும் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் தள்ளினால் பெரும்பாலும் விடுபடும்.

ஐந்து பத்து நிமிடம் நன்றாக ஓடிய பின் மூச்சுத் திணறி நின்றால் பெட்ரோல் டேங்கின் மூடியைத் திறந்து பாருங்கள். காற்றை உள்ளிழுக்கும் ஓசை கேட்டு, வண்டி உடனே மீண்டும் பிடித்தால் மூடியின் காற்றுத் துளையோ அதன் சிறு குழாயோ அடைத்திருக்கிறது.

நின்ற பின் மறுபடி பட்டனை அழுத்தும்போது செல்ஃப் முன்பைவிடச் சோர்வாகச் சுற்றினால் சார்ஜிங் அமைப்பைச் சோதிக்க வேண்டும். எஞ்சின் சூடான பின் நிமிடத்துக்கு 4,000 முதல் 5,000 சுற்றில் வைத்து, பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் நலம். 13 வோல்ட்டுக்குக் கீழே நின்றால் ஸ்டேட்டர் (மின்சாரம் உண்டாக்கும் சுருள்), ரெகுலேட்டர் (அதைப் பேட்டரிக்கு ஏற்ற அளவில் வைப்பது), அவற்றை இணைக்கும் பிளாஸ்டிக் கனெக்டர் என்ற மூன்றையும் பாருங்கள். கனெக்டர் கருகி உருகியிருப்பது பல பழைய வண்டிகளில் உள்ள பலவீனம். 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. அதை மாற்றும் வரை வண்டியை எடுக்காதீர்கள், புதிதாக வாங்கிய பேட்டரியையும் அது வேகவைத்துவிடும்.